ஐம்பதாயிரம் பேரின் பந்தாட்டம்

ஐரோப்பியக் கால்பந்து என்றதும் நம் மாணவ நண்பர்கள் மாட்ரிட்டையும் மான்செஸ்டரையும் பற்றியே பேசுவர். தொலைக்காட்சி காட்டுவதும் அவற்றைத்தானே! ஆனால் 2023-ஆம் ஆண்டில் அக்கண்டத்தில் நடந்தவற்றுள் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது பரோயே தீவுகளின் முதல்நிலை லீக்கைத்தான் என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலில் கிடக்கும் 18 தீவுகள் அவை. டென்மார்க் முடியரசின் கீழ்த் தன்னாட்சி பெற்றவை. மக்கள் தொகை ஏறத்தாழ 54,000. மீன் ஏற்றுமதிதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. குளிர்காலத்தின் நடுவில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமே வெளிச்சம் இருக்கும்; புயலுக்கோ கணக்கே இல்லை. ஆகவே மார்ச் முதல் அக்டோபர் வரை ஆடுகிறார்கள். பத்து அணிகள், ஒவ்வோர் அணியும் மற்றொன்றோடு மூன்று முறை, ஆக 27 ஆட்டங்கள். (மூன்று ஒற்றைப்படை எண் ஆதலால், யாரேனும் ஒருவர் சொந்த மண்ணில் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடித்தானே தீர வேண்டும்? கணக்குப் பயில்வோர் சிந்திக்க!)

1942-இல் தொடங்கிய இந்த லீக்கின் முதல் வெற்றியாளர் கிளாக்ஸ்விக் என்னும் துறைமுக ஊரின் கே.ஐ. அணி. ஊரின் மக்கள் தொகை ஐயாயிரம் அளவே. 1999-க்குப் பின் இருபது ஆண்டுகள் பட்டமின்றிக் காத்திருந்து, 2019-இல் மீண்டும் வென்றது. பின்னர் 2021, 2022, 2023 என மும்முறை தொடர்ந்து வாகை சூடியது.

அந்த 2023-இல்தான் வியப்பு நிகழ்ந்தது. ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையின் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் புகழ்பெற்ற பெரெங்க்வாரோஷ் அணியைச் சந்தித்தனர். தீவில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. "புடாபெஸ்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் எண்ணியிருப்பர். புடாபெஸ்டில் நடந்தது என்ன? கிளாக்ஸ்விக் 3, பெரெங்க்வாரோஷ் 0! ஆர்னி பிரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு கோல் அடித்தார். தோற்ற அணியின் பயிற்சியாளர் அத்தோல்வியோடு பதவி இழந்தார். அடுத்து சுவீடனின் ஹேக்கனைப் பெனால்டியில் வென்றனர். நார்வேயின் மோல்டேயிடம் கூடுதல் நேரத்தில்தான் வீழ்ந்தனர். எனினும் கான்பரன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டனர். பரோயே அணி எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் சென்றதில்லை. அங்கு பிரான்சின் லீல் அணியைக் கோலின்றி நிறுத்தி, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை 3-0 என வென்றனர்.

இவ்வணியினரில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். இது அத்தீவுகளுக்குப் புதிதன்று. 1990 செப்டம்பர் 12-இல் தம் முதல் ஐரோப்பியப் போட்டியில் ஆஸ்திரியாவை 1-0 என வென்ற தேசிய அணியும் அத்தகையதே. ஊரில் புல்தரை இல்லாததால் அவ்வாட்டம் சுவீடனில் நடந்தது. குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியுடன் கோலைக் காத்தவர், மீன் ஆலையில் சரக்குத் தூக்கு வண்டி ஓட்டியவர்.

"சிற்றூர் அணிகளால் போட்டியின் தரம் குறைகிறது, அவற்றை வெளியே நிறுத்துங்கள்" என்று கூறுவோர் உளர். இவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டால் திறமை எங்ஙனம் தெரியும்? பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பந்துக்கோ நூலுக்கோ வருபவனைப் பார்த்து, "உனக்கு ஏன் இது?" என்று கேட்கும் குரலின் மறுபதிப்பே இது. அக்குரலை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம்.

ஆனால் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. ஐரோப்பியப் போட்டியில் முன்னேறும் அணிக்குப் பெரும் பணம் கிடைக்கிறது. மற்ற அணிகளுக்குக் கிடைக்கும் பங்கோ சிறிது. மீனும் ஆடும் உள்ள ஊரில் இத்தனை பணம் ஒரே அணியிடம் குவிந்தால், நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் அங்கேதானே போவர்? பல்கேரியாவில் ரஸ்கிராட் என்னும் சிறு நகரின் லுடோகொரெட்ஸ் அணி, 2012 முதல் 2025 வரை இடைவிடாது 14 முறை பட்டம் வென்றது. வெல்வது யார் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்தால், மழையில் நனைந்துகொண்டு வேலியோரம் நின்று பார்ப்பவன் எதற்காக வருவான்?

"2024-இல் விக்கிங்கூர் அணி பட்டத்தைப் பறித்ததே, அச்சம் எதற்கு?" என்பீர்கள். மகிழ்ச்சியே. எனினும் ஓராண்டின் முடிவை வைத்து விதி வகுப்பதை எந்த ஆய்வுக்கூடமும் ஏற்காது. கிளாக்ஸ்விக் தனியே வளரவில்லை. 27 வாரமும் அதனோடு மோதி, உதைபட்டு, சில வேளை உதைத்தும் அனுப்பிய மற்ற ஒன்பது அணிகள்தாம் அதைப் புடாபெஸ்டுக்குத் தயார் செய்தன. ஆகவே ஐரோப்பியப் பரிசுப் பணத்தில் பாதியேனும் அவ்வொன்பதுக்கும் பிரித்துத் தரப்பட வேண்டும். அதுவும் கருணைத் தொகையாக அன்று, கூலியாக.