"ஒன்றுமில்லை" என்னலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து வந்து தங்கிய முதியோர் ஒருவர் இருப்பார். திண்ணையையும் உறவினரையும் விட்டு, அயல்மொழி ஒலிக்கும் மாடி வீட்டில் பகலெல்லாம் தனித்திருப்பவர். சில மாதங்களில் அவருக்குக் கழுத்து வலி, நெஞ்சில் பாரம், வயிற்று எரிச்சல் என ஏதேனும் தோன்றுகிறது. மருத்துவர் சோதித்துக் குறை காணவில்லை என்கிறார். உடனே வீட்டார், "ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் மனப்பிரமை" என்று கூறி விடுகின்றனர். இம்மாதம் அச்சொல்லைச் சற்றே ஆராய்வோம்.

அச்சத்தில் வயிற்றில் புளி கரைகிறது, துக்கம் தொண்டையை அடைக்கிறது என்பது நம் பேச்சு வழக்கு. அதன் உண்மையைச் சோதனைச் சாலையில் கண்டவர் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன். ஹார்வர்டில் மருத்துவ மாணவராய் இருந்தபோது, அவர் பூனையின் இரைப்பையை எக்ஸ் கதிர்களால் நோக்கினார். பூனை கலக்கமுற்றதும் இரைப்பையின் அசைவு நின்றது. அமைதியடைந்ததும் மீண்டும் தொடங்கியது. இதனை 1898-இல் வெளியிட்டார். மனக்கலக்கம் நரம்பு வழியே உறுப்புகளின் தொழிலையே மாற்றுகிறது. ஆகவே, சோதனையில் குறை தென்படாமையால் முதியவரின் வலி பொய்யாகி விடாது.

ஃபிராய்டின் மாணவரான வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசைகளில் இறுகிக் கவசம்போல் நிற்கும் என்று 1930-களில் கூறினார். அவருடைய பிற்காலக் கொள்கைகளை விஞ்ஞானம் ஏற்கவில்லை. எனினும், உடல்வழி உளச்சிகிச்சைக்கு வித்திட்டவர் அவரே. இம்முறையில் சிகிச்சையாளர் துயரத்தின் கதையை மட்டும் கேட்பதில்லை. அதைச் சொல்லும்போது மூச்சு எங்கே தடைப்படுகிறது, தோள் எப்போது இறுகுகிறது என்பவற்றையும் நோயாளியே உணரச் செய்கிறார். இதில் கிளைகள் பல. எல்லாவற்றுக்கும் போதிய சான்று இன்னும் திரளவில்லை.

பலராலும் சோதிக்கப்பெற்ற எளிய முறை ஒன்று உண்டு. எட்மண்ட் ஜேக்கப்ஸன் என்னும் மருத்துவர் 1929-இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வுப் பயிற்சியே அது. இன்று வழங்கும் சுருக்க முறை இது: அமைதியாக அமர்ந்து, ஒரு கையைச் சில விநாடிகள் இறுக மூடுக, பின்னர் முற்றும் தளர்த்தி, இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க. அவ்வாறே தோள், நெற்றி, வயிறு, கால் என ஒவ்வொன்றாகச் செய்க. வலியுள்ள இடத்தை இறுக்க வேண்டா. வீட்டார் ஒருவர் உடனமர்ந்து செய்தால் முதியோருக்குத் துணையாகவும் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. எவ்வலியாயினும் முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நெஞ்சு வலியைக் கவலையின் விளைவென்று வீட்டிலேயே முடிவு செய்வது ஆபத்து. உடலில் நோய் இல்லையென்று தெளிந்த பின்னும் வலி நீடித்தால், மனநல மருத்துவரை நாடத் தயங்கலாகாது. துயரத்தைத் தாய்மொழியில் சொல்வதே எளிது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

அம்மா அடுத்த முறை வலிக்கிறது என்றால், "எப்போது அதிகமாகிறது? அப்போது என்ன நினைவு வருகிறது?" என்று கேளுங்கள். விடை வர நேரமாகலாம். அதுவரை அருகில் அமர்ந்திருங்கள்.