மலையேறாதவர்களுக்காக

கிளிமஞ்சாரோ வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியது நான்தான். அலுவலகக் குழுவில் வந்தது. மொட்டைத் தலை, கையில் கொடி, பின்னால் பனி, கீழே 'கேன்சரை வென்ற மனிதர்' என்று பெரிய எழுத்து. எல்லாரும் நெருப்பு எமோஜி போட்டிருந்தார்கள். நானும் போட்டுவிட்டு அப்படியே திருச்சுழிக்கு ஃபார்வர்ட் செய்தேன். அம்மாவுக்கு நான்காவது கீமோ முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "மலை ஏறுனா சரியாப் போயிருமாப்பா? நம்மூர்ல மலைக்கு எங்க போக?"

கிண்டல்தான். ஆனால் முழுக்கக் கிண்டல் இல்லை. நோய்மீது போர் மொழியைச் சுமத்தாதீர்கள் என்று 1978-லேயே எழுதிய சூசன் சாண்டாக்கைப் படித்துச் சிலாகித்தவன் நான். படித்தும் அனுப்பியிருக்கிறேன்.

ஏறுகிறவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. இங்கிலாந்தின் இயன் டூட்ஹில், குணமாகாது என்று தெரிந்த குடல் புற்றுநோயோடு 2017-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். மிச்ச நாளை எப்படிச் செலவழிப்பது என்பது அவர் இஷ்டம். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மன உறுதி போதாமலா? எவரெஸ்ட் ஏறியவரிடமே போதவில்லை என்றால் அது யாரிடம்தான் இருக்கும்? மார்ட்டினா நவ்ரத்திலோவா, மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட அதே 2010-ல் கிளிமஞ்சாரோ ஏறப் போனார். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள, பாதியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். விம்பிள்டன் ஒற்றையரில் 9 முறை வென்றவர்! உயரத்துக்கு யார் என்ற கணக்கெல்லாம் கிடையாது. இந்தப் பாதிக்கதைகளை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

"உடற்பயிற்சி நல்லதுதானே பாஸ்" என்பீர்கள். ரொம்ப நல்லது. 2025-ல் வந்த ஆய்வு ஒன்று (பெயரே 'சேலஞ்ச்') 889 பெருங்குடல் புற்று நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. கீமோ முடித்தபின் பயிற்சி எடுத்தவர்களில் 100-க்கு 80 பேர் ஐந்தாண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மற்றவர்களில் 74 பேர். அவர்கள் செய்தது மலையேற்றம் இல்லை, வேக நடை மாதிரியான விஷயங்கள். முக்கியமாக, மூன்று வருடம் கூடவே ஒருவர் இருந்து சொல்லிக்கொடுத்து விசாரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஒருவரை எங்கள் கரிசல்காட்டுக்கு யார் அனுப்புவார்கள்? அதைக் கேட்கக் காசு வேண்டும், ஆள் வேண்டும். வீடியோவுக்கு விரல் போதும்.

அம்மாவுக்கு 25 நாள் கரண்டு வைத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை. முதல் வாரம் கார் வைத்துக் கொடுத்தேன். "பஸ்னா பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு" என்று நிறுத்திவிட்டாள். கீமோ மருந்து பாதத்தை மரத்துப்போகச் செய்திருந்தது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைக்காலோடு பஸ் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது.

அந்தப் பேச்சுத்துணை, கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. அவருக்கும் அதே சிகிச்சை. காப்பீட்டில் வைத்தியம் நடந்துவிடும், ஆனால் மதுரைக்குப் போன அன்று கூலி கிடையாது. கூட வரும் மகளுக்கும் கிடையாது. பதினோராவது நாளுக்குப்பின் அவர் வரவில்லை. அவருக்குப் 'போராட்ட குணம்' இல்லை என்று யாராவது என் முன்னால் சொல்லுங்கள், பார்ப்போம்.

மலையும் புற்றும் இரண்டுமே வாய்த்த ஒருவர் எங்கள் ஊரில் பிறந்தார். 1879-ல் இங்கே பிறந்த ரமணர், 1896-ல் திருவண்ணாமலை போனவர், பிறகு அந்த மலையடியை விட்டு வரவே இல்லை. 1949-ல் இடது கையில் சார்கோமா. நான்கு அறுவைசிகிச்சை, ரேடியம். கையை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று இறந்தார். நான் பக்தன் இல்லை. ஆனால் அவர் பிறந்த வீட்டைக் காட்டும்போது 'கேன்சரிடம் தோற்றவர்' என்று இங்கே ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த மரியாதை மகானுக்கு மட்டும்தானா? கரிமூட்டத்து அக்காவுக்குக் கிடையாதா?

போன மாதம் அலுவலகத்தில் புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம் அறிவித்தார்கள். பிங்க் டி-ஷர்ட், மெடல். அந்தச் செலவை நாலு நோயாளிகளின் பஸ் காசுக்கும் கூலிக்கும் கொடுக்கலாமே என்று மெயில் போட்டேன். 'அருமையான யோசனை' என்று பதில் வந்தது. அதோடு என் டி-ஷர்ட் சைஸையும் கேட்டிருந்தார்கள்.

இருபத்தைந்தாவது நாள் முடிந்து வீடு திரும்பிய அம்மாவிடம், "முடிச்சுட்டியேம்மா" என்றேன்.

"அந்தப் பிள்ள இன்னிக்கும் வரலப்பா" என்றாள்.