கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாள் வரும்? 3,500 கி.மீ. நடைப்பயணமும் உணவுப் பெட்டிக் கணக்கும்

‘கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாள் வரும்?’ என்று ஊர்ப்பக்கம் கேட்பார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயிலில் நடப்பவர்களுக்கு இது பழமொழி இல்லை, அன்றாடக் கணக்கு.

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது இந்த மலைப்பாதை. நீளம் 3,500 கி.மீ.க்கும் மேல். ஒரே மூச்சில் நடந்து முடிக்க 5 முதல் 7 மாதம் ஆகும். அப்படிக் கிளம்புபவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார். காயம், காய்ச்சல், வீட்டு நினைப்பு, காலியான பணப்பை என்று பாதியில் திரும்பக் காரணங்கள் பல. இவற்றில் பணத்தையும் முதுகுச் சுமையையும் மட்டும்தான் கிளம்பும் முன்பே ஓரளவு கட்டுக்குள் வைக்க முடியும். இரண்டுமே உணவையும் இரவுத் தங்கலையும் எப்படித் திட்டமிடுகிறோம் என்பதைப் பொறுத்தவை.

பெட்டி எப்படிப் போகிறது?

ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் உலர் உணவு வேண்டும். ஐந்து நாளுக்கு என்றால் சுமார் நான்கு கிலோ. அதற்கு மேல் சுமந்தால் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். அதனால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை பக்கத்து ஊருக்கு இறங்கிப் பையை நிரப்பிக்கொள்வதுதான் வழக்கம்.

கடையில் வாங்கலாம். அல்லது வீட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம். பெயரோடு ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதி, ஊர்ப் பெயரும் அஞ்சல் குறியீடும் போட்டு அனுப்பினால் அந்த ஊர் தபால் நிலையம் பெட்டியை எடுத்து வைத்திருக்கும். அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அதிகபட்சம் 30 நாள்தான் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்காது. சின்ன ஊர்களில் சனிக்கிழமை சில மணி நேரம் திறந்தாலே பெரிது. சனி மாலை ஊருக்கு வந்து சேர்ந்தவர் திங்கள் காலை வரை காத்திருக்க வேண்டும். இரண்டு இரவு அறை வாடகை, இரண்டு நாள் சாப்பாடு. பெட்டியில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

எத்தனை பெட்டி?

புதிதாகக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இங்கேதான். ஆறு மாதச் சாப்பாட்டையும் முன்கூட்டியே வாங்கி, இருபது இருபத்தைந்து பெட்டிகளில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி வைக்கிறார்கள். ‘அதான் எல்லாத்தையும் கட்டி வச்சாச்சே’ என்ற நிம்மதி. ஆனால், இரண்டாவது மாதத்தில் பசி இரண்டு மடங்காகும். முதல் மாதம் ருசித்த ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்தாலே குமட்டும். கடைசியில் அந்த உணவெல்லாம் விடுதிகளில் வேண்டாததைப் போட்டுவிட்டுப் போகும் ‘ஹைக்கர் பாக்ஸ்’ பெட்டிக்குள் போய்ச் சேரும்.

தேவை அவ்வளவு இல்லை. வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பாதையே ஊரின் பிரதான தெரு வழியாகப் போகிறது. அப்படிப்பட்ட ஊருக்குப் பெட்டி எதற்கு? அதற்கு முன்பு வரும் ஃபான்டானா அணை வேறு மாதிரி. அங்கே கடை வசதி குறைவு. அடுத்துத் தொடங்குவதோ கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவின் சுமார் 115 கி.மீ. நடை. அங்கே பெட்டி அனுப்புவது நியாயம். மெய்னில் மான்சனை அடுத்து வருவது ‘நூறு மைல் வனம்’. குறைந்தது 10 நாள் உணவு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று அறிவிப்புப் பலகையே நிற்கிறது. மான்சனுக்கும் அனுப்பலாம். கடை சரியில்லாத இப்படிப்பட்ட ஐந்தாறு இடங்கள் போதும்.

அந்தப் பெட்டிகளையும் முன்கூட்டியே ஊர் ஊராக அனுப்பிவிடக் கூடாது. ஒட்டாமல் வீட்டிலேயே வைத்து, நடப்பவர் போனில் சொன்ன பிறகு இரண்டு வாரம் முன்னதாக வீட்டில் இருப்பவர் அனுப்ப வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஹாட் ஸ்பிரிங்ஸ், டமாஸ்கஸ் போன்ற ஊர்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. பாதையின் நீண்ட பகுதி மூடப்பட்டது. வீட்டில் இருந்த பெட்டியை வேறு ஊருக்கு மாற்றி அனுப்பலாம். மூழ்கிய ஊருக்குப் போய்விட்ட பெட்டியை என்ன செய்வது?

இரவு எங்கே?

பாதை நெடுக 250-க்கும் மேற்பட்ட கொட்டகைகள் உண்டு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. பெரும்பாலானவற்றில் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம். அதனால் கூடாரம் கையில் இருந்தே ஆக வேண்டும். ‘மே 12-ந் தேதி இந்தக் கொட்டகை’ என்று நாள்வாரியாக அட்டவணை போடுவது வீண். முதல் வாரங்களில் நாளுக்கு 12, 15 கி.மீ. நடப்பவரே பிறகு 25, 30 கி.மீ. நடப்பார். மழை வந்தால் மறுபடி குறையும்.

அட்டவணை தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. ஸ்மோக்கி மலையில் அனுமதிச் சீட்டு கட்டாயம், இரவில் கொட்டகையில்தான் தங்க வேண்டும். கட்டாடின் மலை இருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் அக்டோபர் 15-உடன் முகாம் பருவம் முடிகிறது. இந்த இரண்டையும் முதலில் குறித்துக்கொண்டு, நடுவில் உள்ளதைத் தளர்வாக விட்டுவிடலாம்.

ஊர்த் தங்கலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முந்தின இரவு ஊருக்குப் பக்கத்துக் கொட்டகையில் படுத்துவிட்டு, காலையில் ஊருக்குள் வந்து, துணி துவைத்து, வயிறாரச் சாப்பிட்டு, சாமான் வாங்கி, மாலையில் பாதைக்குத் திரும்பிவிட்டால் ஒரு இரவு வாடகை மிச்சம். உடம்பு கேட்கும்போது மட்டும் அறை எடுக்கலாம்.

சைவ உணவுக்காரர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மலையடிவாரப் பெட்டிக்கடையில் அவர்களுக்கு ஏற்றது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. அவர்களுக்குப் பெட்டி கூடுதலாக வேண்டும். அதிலும், மருந்தைப் பெட்டியை மட்டும் நம்பி விடாமல் கையில் சில நாளுக்கு உபரி வைத்திருக்க வேண்டும்.

1955-ல் 67 வயது எம்மா கேட்வுட், தானே தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடாரம்கூட இல்லாமல் இந்தப் பாதையை முழுதாக நடந்தார். எல்லோரும் அப்படிப் போக வேண்டியதில்லை. ஆனால், இருபத்தைந்து பெட்டி கட்ட ஆகும் பணத்தில் பாதியைச் செலவழிக்காமல் வைத்திருந்தால், கால் வீங்கும் நாளில் ஓர் அறையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். பாதியில் திரும்பிவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாள் ஓய்வுதான்.