தேய்ந்த ரயர் சொல்லும் சாட்சியம்

எமது கிராமங்களில் ஒருவர் ஒரு காரை வாங்கினால், அது பல கை மாறி வந்த பழைய காராக இருந்தாலும், முதலில் அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து மந்திரிப்பிக்கிறார். முன் கண்ணாடியில் அந்தோனியார் படம் ஏறுகிறது. அருகே செபமாலை தொங்குகிறது. இது நல்ல வழக்கம். ஆயினும், அந்தக் கார் நிலத்தைத் தொடுவது நான்கே நான்கு இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு இடங்களையும் குனிந்து பார்ப்பவர்கள் எம்மிடையே மிகச் சிலரே.

நாம் அறிந்த ஒரு குடும்பஸ்தர் மன்னார்ப் பகுதியில் கார் வைத்து ஹயர் ஓடிப் பிழைப்பவர். அடைவு வைத்த நகையின் காசில் முன்சில்லுகளுக்கு இரண்டு புது ரயர்கள் போட்டார். ஓர் ஆண்டு முடியுமுன்பே ஒன்று வெடித்தது. கழற்றிப் பார்த்தபோது இரண்டு ரயர்களும் வெளிப்புறத்தில் புதியனபோல் இருந்தன. உட்புற ஓரத்திலோ கம்பி தெரிந்தது. "கடைக்காரன் போலி ரயரைத் தந்துவிட்டான்" என்று அவர் ஏசினார். மீண்டும் கடன்பட்டு வேறு கடையில் இரண்டு ரயர்கள் வாங்கினார். அவையும் அதே ஓரத்தில் தேயத் தொடங்கின. அப்போதுதான் ஒரு முதிய மெக்கானிக் காரைத் தூக்கி முன்சில்லைக் கையால் அசைத்துப் பார்த்து, ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் மூட்டு தளர்ந்திருப்பதைக் காட்டினார். மாரிக்காலத்தில் மதகடிப் பள்ளம் ஒன்றில் கார் விழுந்த நாளை அவர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். நான்கு ரயர்களின் காசு போன பின்னர், ஒரு சிறு மூட்டை மாற்றியதோடு நோய் தீர்ந்தது.

இக்கதை இவர் ஒருவரின் கதை மட்டுமன்று. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, ரயரும் உதிரிப்பாகங்களும் ஏழைகளுக்கு எட்டாப் பொருள்களாயின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனம் வாங்கும் வல்லமை எமது கிராமத்தவர்க்கு வந்துவிடவில்லை. ஆகவே பழைய கார்களே எமது மக்களைத் தொடர்ந்து சுமக்கின்றன. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஒரு தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் இந்தக் கார்தான். அதன் ரயர் வழியில் வெடித்தால் நட்டம் உரிமையாளரோடு நின்றுவிடாது.

ரயர் பொய் சொல்வதில்லை என்பதே நாம் சொல்ல விழைவது. அது தேய்ந்திருக்கும் விதமே காரின் நோயைச் சொல்லும் சாட்சியம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு எஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு, அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரம். ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் பழுதடைந்திருக்கலாம், அல்லது சில்லின் பலன்ஸ் தவறியிருக்கலாம். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அல்லது ரயரைக் குறுக்கே கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் வாளின் பற்கள்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், சில்லுகள் நேராக நிற்கவில்லை என்று பொருள். இதைத்தான் வீல் எலைன்மென்ற் பிழை என்கிறோம்.

"கார் நேராகத்தானே ஓடுகிறது" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. இரண்டு முன்சில்லுகளும் ஒரே அளவில் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், ஒன்று இடப்பக்கமும் மற்றையது வலப்பக்கமும் இழுக்க, கார் நடுவே நேராகவே செல்லும். சண்டையின் விலையை ரயர்களே கொடுக்கும். ஒவ்வொரு சில்லும் அரைப் பாகை மட்டுமே திரும்பியிருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது அந்தச் சில்லு ஏறத்தாழ 9 மீற்றர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அப்பயணத்தில் அந்த ரயர் மூன்றரைக் கிலோமீற்றர் தூரம் தாரில் பக்கவாட்டாகத் தேய்க்கப்படுகிறது. எந்த இறப்பர் இதைத் தாங்கும்? இவ்விழுவையை வெல்ல எஞ்சினும் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். சில்லுகள் வெளிநோக்கியிருந்தால் தேய்வது உள் ஓரம். அதனால் காரைச் சுற்றி நடந்து பார்ப்பவருக்கும் அது புலப்படாது.

இப்போது பட்டினங்களில் கணினி கொண்டு எலைன்மென்ற் பார்க்கும் இடங்கள் உண்டு. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயினும் மூட்டுகளும் புஷ்களும் தளர்ந்திருக்கும் காருக்கு எலைன்மென்ற் செய்வது, ஆடும் கம்பத்தில் வேலி அடைப்பதற்கு ஒப்பாகும். இயந்திரம் அன்று சரியான எண்ணைக் காட்டும். வீடு வந்து சேருமுன் அது மாறிவிடும். முதலில் தளர்வைத் தேடுங்கள், பிறகு அளவிடுங்கள் என்று சொல்லும் தொழிலாளியே நேர்மையான தொழிலாளி. அத்துடன், பல சிறிய கார்களில் முன்சில்லுகள் உள்ளே வெளியே திரும்பும் அளவை மட்டுமே திருத்தலாம். சில்லு மேலிருந்து கீழாகச் சாய்ந்திருந்தால், வளைந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டினத்துக்குப் போக வசதியில்லாதவர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சமதரையில் ஸ்ரியரிங்கை நேராக வைத்துக் காரைச் சிறிது முன்னே தள்ளி நிறுத்துங்கள். இரண்டு முன்ரயர்களின் முன்பக்கத்திலும், சில்லின் நடு உயரத்தில், சோக்கால் ஓர் அடையாளம் இட்டு இடைத்தூரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். பின்னர் அவ்வடையாளங்கள் பின்பக்கத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னே தள்ளி மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலான கார்களில் சில மில்லிமீற்றருக்கு மேல் இருக்கலாகாது. சரியான எண் காரின் கைந்நூலில் இருக்கும். நாம் மேலே சொன்ன அரைப் பாகைப் பிழை, இந்த அளவில் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசமாகத் தெரியும். தேவைப்படுவது ஒரு சோக்குக் கட்டியும் ஓர் அளவுநாடாவும், உதவிக்கு ஒருவரும் மட்டுமே.

காற்றைக் கவனிப்பது இதிலும் இலகு. எத்தனை இறாத்தல் காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். ஓடி வந்த சூட்டில் அல்லாமல், காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். தவாளிப்புகளுக்கு இடையே ரயர் செய்பவர்களே சிறு மேடுகளை வைத்திருக்கிறார்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். தேய்வு அந்த மேட்டுக்கு வந்துவிட்டால் அந்த ரயரின் ஆயுள் முடிந்தது. மழைநீரை ஒதுக்க அதனால் இயலாது.

இவையெல்லாம் தனியொருவர் கடமை என்று விட்டுவிடலாமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. எமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இளைஞர்களுக்குப் பாகங்களைக் கழற்றிப் பூட்டக் கற்பிக்கின்றன. தேய்வைப் பார்த்துக் காரணத்தை வாசிக்கவும் கற்பிக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பங்குச் சபைகளும் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கோயில் வளவில் ஊர் வாகனங்களைக் கூட்டி, அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்வையிடச் செய்யலாம். காற்று அளக்கும் கருவியொன்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாம். எந்த மதகடியில் எந்தப் பள்ளம் எத்தனை காரை வளைத்தது என்பதை அன்றே எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டுப் பிரதேச சபைக்கு அனுப்பலாம். பள்ளத்தை மூடாமல் விடுவதால் சபைக்கு மிஞ்சும் காசை, ஏழை ஹயர்காரர் ரயர் கடையில் கட்டுகிறார் என்பதைச் சபை உறுப்பினர்கள் உணர வேண்டும்.

கழற்றிய ரயரை வளவில் எறிந்துவிடுவோரும் உண்டு. அதில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானதை நாம் மறக்கலாகாது. காலத்துக்கு முன்னரே தேயும் ஒவ்வொரு ரயரும் வளவுக்கு வரும் இன்னுமொரு தொட்டியாகும்.

ரயர் தேய்ந்தால் ரயரை மாற்றுகிறோம். அது ஏன் தேய்ந்தது என்று கேட்பதில்லை. அபிவிருத்தி வேலைகளிலும் நாம் பலமுறை இவ்வாறே நடந்துகொண்டோம் என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறோம். காரணத்தைத் தேடுவது ஏழைக்கு ஆடம்பரம் அன்று. அதுவே அவருக்கு மிகப் பெரிய சிக்கனம். அடுத்த முறை காரை மந்திரிப்பிக்கக் கொண்டுவரும் சகோதரர்கள், ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தி, முன்ரயரின் உள் ஓரத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.