எத்தனையாம் எண் கூண்டு?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதாகச் செய்தி வந்ததும் சென்னைவாசிகள் முதலில் கேட்பவை, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்னும் இரு கேள்விகளே. இவை தேவையற்றவை அல்ல. ஆயினும் ஒரு வீட்டின் முன்னேற்பாட்டுக்கு இவை மட்டும் போதா.

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்பது கப்பல்களுக்கான குறியீடு. பகலில் கூம்பு, உருளை வடிவங்களாலும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் காட்டப்படும் இக்குறியீடு 1 முதல் 11 வரை செல்கிறது. தொலைவில் புயல் உருவாகக்கூடும் என்பதை முதல் எண் உணர்த்த, கடும் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, அதன்மீதோ அருகிலோ கடக்குமா என்பதை முறையே 8, 9, 10 ஆகிய எண்கள் உணர்த்துகின்றன. 11 என்பது வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டதன் அடையாளம். மாலுமிக்கு வேண்டிய இவ்விவரங்களில் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் தேங்கும் என்பதற்கு இடமே இல்லை.

கரையைக் கடக்கும் இடமும் அத்தகையதே. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையையொட்டிக் கரையைக் கடந்த வர்தா புயல் காற்றால் மரங்களை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியபோதோ, சென்னையில் மழை ஓய்ந்து வெள்ளம் மட்டுமே வடியாமல் நின்றது. கடற்கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்த அப்புயல் முந்தைய இரு நாட்களிலேயே நகரை மூழ்கடித்திருந்தது. 2015 டிசம்பர் 1 அன்று அடையாறு கரைபுரண்டதற்குப் பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் தேவைப்படவில்லை.

தட்டையான இந்நகரில் பெய்யும் மழையும், செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளிலிருந்து திறந்துவிடப்படும் உபரிநீரும் முகத்துவாரங்களை நோக்கிச் செல்லும் வேளையில், புயல்காற்றால் கடலும் உயர்ந்திருந்தால், அந்நீர் வடிய வழியின்றி நகரில் தேங்குகிறது. வானிலை ஆய்வு மையத்தின் 48 மணி, 24 மணி எச்சரிக்கைகளும் புயல் கரையைக் கடக்கும் நேரத்தைக் கொண்டன்றி, கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்கும் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன.

வீட்டு ஏற்பாடுகளுக்கும் அதுவே கெடு. பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவதற்கு முன்பே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், தெருவில் நிற்கும் சாக்கடை கலந்த நீர் அதன் விளிம்பு வழியே இறங்கி, வெள்ளம் வடிந்த பின்னும் குடிநீரைக் கெடுக்கும் என்பதால், அதன் இடுக்கை அடைத்துவைப்பது மெழுகுவர்த்தி வாங்குவதைவிட அவசரமானது.

2024 அக்டோபரில் வெள்ளத்துக்கு அஞ்சி வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அஞ்சிய மழை அம்முறை பெய்யவில்லை. அதனால் அந்த முன்னேற்பாடு வீண் என்றாகாது, ஏனெனில் கூண்டின் எண்ணைவிடத் தம் தெருவின் பள்ளம் மேட்டையே அக்கார்களின் உரிமையாளர்கள் கணக்கில் கொண்டனர். மாநகராட்சியின் அறிவிப்புகளும் தெருவாரியாக எதிர்பார்க்கப்படும் நீர்மட்டத்தைச் சொல்லத் தொடங்கினால், அக்கணக்கை ஒவ்வொரு வீடும் தனியே போட வேண்டியிராது.