உப்புத் தண்ணீரில் பூத்த செடி



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து விசுவாசிகள் கலைந்துபோன பிறகு, நம்முடைய சபையைச் சேர்ந்த கைம்பெண்ணான ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடத்தில் வந்தார்கள். "ஐயா, விசுவாசிகள் வீட்டில் பூச்செடி வளர்க்கலாமா?" என்று கேட்டார்கள். கேள்வி சிறியதாய்த் தோன்றினாலும் அதன் பின்னே இருந்தது சிறியதல்ல. அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்கள். கணவர் மரித்த அன்று ஊர் வழக்கப்படி அவர்களுடைய கூந்தலிலிருந்து பூவை எடுத்தார்கள். பங்காளிகள் வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு டெல்லிக்கு வந்து, வீட்டு வேலை செய்து, ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானமும் பெற்றார்கள். நம் சபைகளில் சகோதரிகள் தலையில் பூ வைப்பதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. "எனக்கும் பூவுக்கும் உறவு அற்றுப்போய் வெகு காலமாயிற்று, ஐயா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

வேதாகமத்தின்படி முதல் தோட்டத்தை நாட்டியவர் தேவனே (ஆதியாகமம் 2:8). உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ட மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினாள் (யோவான் 20:15). பேதுரு தம் முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அலங்காரத்தைக் குறித்து எழுதியது இருதயத்தின் காரியம். தலையில் சூடுவதைக் குறித்த நம் சபைகளின் ஒழுங்கை மாற்ற நான் முற்படுகிறவன் அல்ல. மாடியில் வளர்ப்பதைத் தடுக்கிறவனும் அல்ல. இதையே அவர்களுக்குச் சொன்னேன்.

அனுமதி கிடைத்தாயிற்று; தண்ணீர் கிடைக்கவேண்டுமே! புசா ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: குழாய்த் தண்ணீர் சிறிது நேரமே வரும், அது குடிக்கவும் சமைக்கவும் போதாது. எஞ்சியது கைப்பம்புத் தண்ணீர். அது உப்புக் கரிக்கும். அதை ஊற்றி வளர்த்த ரோஜாவின் இலை ஓரங்கள் தீய்ந்துபோயின. அப்பொழுதுதான் புசா ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் வெகுகாலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற நம் சபை மூப்பர் ஒருவர், "ஸ்டாட்டிஸ் போட்டுப் பாருங்கள், அம்மா" என்றார்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தினந்தோறும் புசா ரோட்டில் நடக்கிற நம்மில் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அளித்த நன்கொடையைக்கொண்டு 1905-ஆம் ஆண்டு அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பூகம்பத்தில் அதன் கட்டடம் இடிந்தது. 1936-இல் நிலையம் டெல்லிக்கு வந்தது. வரும்போது ஊரின் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. (பிப்ஸின் பெயரையும் அவர் நாட்டின் பெயரையும் சேர்த்துப் புசா ஆயிற்று என்று சிலர் கதை சொல்வார்கள், பிப்ஸ் பணம் கொடுக்குமுன்பே அவ்வூருக்கு அந்தப் பெயர் இருந்தது.) ஆகவே நாம் குடியிருக்கிற சாலையின் பெயரே இடிந்த வீட்டைவிட்டுக் குடிபெயர்ந்து வந்த பெயர். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1947-இல் மாணவராய் வந்து, பின்பு இயக்குநராயும் இருந்தது இந்த நிலையத்தில்தான். டெல்லி நர்சரிகளில் குளிர்காலத்தில் காண்கிற செண்டுமல்லி வகைகளில் சிலவற்றுக்கும் புசா என்ற முன்பெயர் உண்டு.

ஸ்டாட்டிஸ் என்று நர்சரிக்காரர்கள் சொல்லுகிற செடியைத் தாவர நூல்கள் லிமோனியம் என்கின்றன. மேல்நாட்டார் அதைக் கடல் லாவண்டர் என்பார்கள். பெயர்தான் லாவண்டர். உண்மையான லாவண்டர் நம்முடைய துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ கிராமத்து வைத்தியர்கள் அறிந்த கொடிவேலியின், அதாவது சித்திரமூலத்தின் குடும்பம். நாம் தோட்டத்தில் வளர்க்கும் வகை மத்தியதரைக் கடற்கரைகளுக்குச் சொந்தமானது. இஸ்ரவேல் தேசத்தின் கடலோரத்திலும் அது தானாய் வளர்கிறது. உவர்நிலத்தில் வாழும் இவ்வினச் செடிகளின் இலைகளில் மிக நுண்ணிய உப்புச் சுரப்பிகள் உண்டு. வேர் உறிஞ்சிய நீரோடு உள்ளே வந்த உப்பை இலையின் மேற்புறத்திலே வெளியே தள்ளிவிடும். தண்ணீர் வற்ற, வெள்ளைப் பொடிபோல் உப்பு இலைமேல் நிற்பதுண்டு.

சகோதரி இதைக் கேட்டவுடன், "எங்கள் ஊர் உமரியைப்போலவா, ஐயா?" என்றார்கள். உப்பளத்து வரப்புகளில் உமரி வளர்வதை அப்பக்கத்தார் அறிவார்கள். பஞ்ச காலத்தில் அதைக் கீரையாய் ஆய்ந்து தின்றவர்களும் உண்டு. யோபு 30:4-இல், பசியினால் வாடின ஏழைகள் வனாந்தரத்தில் பறித்துத் தின்ற ஒரு தழையைப்பற்றி வாசிக்கிறோம். அங்கே எபிரெயத்தில் உள்ள மல்லுவாக் என்ற சொல், உப்பு என்று பொருள்படும் மெலாக் என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே அது உமரிக்கு உறவான ஓர் உவர்ச்செடியாய் இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. வேதாகமக் கல்லூரியில் இதைப் படித்தேன். அதன் ருசியைச் சொல்ல அந்தச் சகோதரியினால்தான் முடிந்தது.

ஆனால் உமரிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. உமரி உப்பை வெளியே தள்ளுவதில்லை. தடித்த இலைகளுக்குள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். ஒன்று கசப்பை வெளியே விட்டுவிடுகிறது, மற்றொன்று உள்ளே வைத்துக்கொள்கிறது என்று நான் உடனே பிரசங்கம் செய்யத் தொடங்கினேன். எபிரெயர் 12:15-இன் கசப்பான வேரையும் இழுத்துக்கொண்டேன். சகோதரி பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "உமரியும் செத்துப்போகிறதில்லையே, ஐயா. அதைத் தின்றுதானே நாங்கள் வளர்ந்தோம்" என்றார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில் ஆலயத்திலிருந்து புறப்பட்ட நதி எல்லாத் தண்ணீரையும் ஆரோக்கியமாக்குகிறது. ஆனாலும் சில உளைகளும் சதுப்புகளும் உப்புக்கென்றே விடப்படுகின்றன. அந்தப் பதினோராம் வசனத்தை நான் பல ஆண்டுகள் அவசரமாய்த் தாண்டிப்போயிருக்கிறேன். இப்பொழுது அப்படித் தாண்டுவதில்லை.

வளர்க்க விரும்புகிறவர்களுக்காக முறையை எழுதுகிறேன். டெல்லியில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையில் விதைக்கலாம். கடையில் வாங்கும் விதை சில வேளைகளில் உலர்ந்த பூவின் உமியோடே இருக்கும். உள்ளங்கையில் மெதுவாய்த் தேய்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மணல் கலந்த மண்ணில் தூவி, மேலே மெல்லியதாய் மண் போட்டால் போதும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் முளைக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உப்பைத் தாங்குவது வளர்ந்த செடிதான். விதை முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அந்தச் சகோதரி அரிசி களைந்த தண்ணீரை எடுத்துவைத்து நாற்றுகளுக்கு ஊற்றினார்கள். புதிதாய் இரட்சிக்கப்பட்டவர்களிடத்தில் முதல் வாரமே பாடுகளைப்பற்றிப் பேசுகிற என்னைப்போன்ற போதகர்கள் இதை யோசிப்பது நல்லது.

நான்கைந்து இலைகள் விட்டதும், ஆணிவேர் ஆழமாய் இறங்குமுன்னே, பெயர்த்து நடவேண்டும். தரையில் ஓர் அடி இடைவெளி. தொட்டியானால் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. தோட்டத்து மண்ணோடு கட்டட வேலைக்கு விற்கிற பதர்பூர் மணலையும் சிறிது மக்கிய எருவையும் கலந்துகொள்ளலாம். எரு மிகுந்தால் இலைதான் மிகும், பூ குறையும். நாள் முழுவதும் வெயில் வேண்டும். மெட்ரோ ரயிலின் மேம்பாலம் 2005-ஆம் ஆண்டுக் கடைசியில் திறக்கப்பட்ட பிறகு சாலையோர வீடுகள் சிலவற்றின் கீழ்த்தளங்களுக்கு வெயில் குறைந்துவிட்டது. அவர்கள் மாடியில்தான் வைக்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நான் தவறினவன். சகோதரியிடமிருந்து ஆறு நாற்றுகளை வாங்கிவந்து போதகர் வீட்டு மாடியில் வைத்து, ஊரில் செய்வதுபோலக் காலையும் மாலையும், அதுவும் செடியின் நடுவிலேயே ஊற்றினேன். டிசம்பர் மூடுபனியில் ஆறும் குருத்து அழுகிப்போயின. மண்ணின் மேற்பரப்பு உலர்ந்த பிறகு, ஓரமாய், காலை வேளையில் ஊற்றவேண்டும். இது தாகத்தினால் சாகிறதைவிட உபசரிப்பினால் சாகிற செடி.

சகோதரியின் செடிகள் அழுகவில்லை, வளரவும் இல்லை. டிசம்பர் முழுவதும் முள்ளங்கி இலையைப்போன்ற இலைகள் தரையோடு தரையாய் வட்டமாய்ப் படுத்துக்கிடந்தன. ஜனவரி மாதம், இரவில் 7 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கிய நாட்களில், "ஐயா, இதுவும் எனக்கு வாய்க்காதுபோல" என்றார்கள். மூப்பர்தான் விளக்கினார். இச்செடியின் இளம்பருவத்தில் சில வாரங்கள் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி அளவிலான குளிர் பட்டால்தான் பூந்தண்டு நன்றாய் எழும்பும். தூத்துக்குடியில் வைத்தால் தழைக்கலாம், இங்கேபோலப் பூக்காது. டெல்லிக் குளிரை நாம் எவ்வளவு சபித்திருக்கிறோம்! நானே முதல் ஆண்டு ஜனவரியில் ஊழியத்தை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு ஓடிவிட நினைத்தவன்.

பிப்ரவரி நடுவில் தண்டு எழும்பியது. பக்கங்களில் சிறகுபோன்ற விளிம்போடு, முழங்கால் உயரத்துக்குமேல் வளர்ந்தது. மார்ச் மாதம் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் அந்த மாடி நிறைந்தது. நாம் பூ என்று பார்ப்பது உண்மையில் பூவிதழ் அல்ல, அதைத் தாங்குகிற புல்லிவட்டம். மெய்யான பூவிதழ்கள் அதன் நடுவே சிறிய வெண்ணிறமாய் வந்து சில நாளில் உதிர்ந்துவிடும். தாங்கினதோ காகிதத்தைப்போல் சரசரத்து, நிறம் மாறாமல் மாதக்கணக்காய் நிற்கும். பெரும்பான்மையான பூக்கள் விரிந்தபின், பனி உலர்ந்த காலையில் தண்டோடு வெட்டி, சிறு கட்டுகளாய்த் தலைகீழாய், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் உலர்மலர் ஆகிவிடும்.

பேதுரு தம் முதலாம் நிருபத்தில் நம் சுதந்தரத்தை வாடாதது என்கிறார் (1:4). அங்குள்ள கிரேக்கச் சொல் அமராந்தோஸ். நம்மூர் வாடாமல்லியின் தாவரக் குடும்பத்துக்கும் அதே சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. ஆனாலும் உலர்ந்த பூவைக் காட்டி நித்திய ஜீவனைப் பிரசங்கிக்க எனக்கு மனம் வரவில்லை. நிறம் இருக்கிறது, உயிர் இல்லை. சர்தை சபையின் தூதனுக்கு ஆண்டவர் எழுதச் சொன்னது (வெளிப்படுத்தல் 3:1) என் ஞாபகத்துக்கு வந்துகொண்டேயிருந்தது. அது உலர்ந்த பூ, அவ்வளவே. ஆனால் உலர்ந்ததினால்தான் அதனால் ஒரு பிரயாணம் செய்ய முடிந்தது.

ஏப்ரல் மாதம் சகோதரிக்கு ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. வீட்டை எடுத்துக்கொண்ட கொழுந்தனாருடைய மகளின் திருமணம். பன்னிரண்டு ஆண்டுகளாய் அந்த வீட்டாரோடு பேச்சு இல்லை. மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தார்கள். பிறகு போவதென்று தீர்மானித்து, "எதைக் கொண்டுபோவது, ஐயா?" என்று கேட்டார்கள். நகை வாங்க வழியில்லை. அவர்களிடத்தில் இருந்தது அந்தப் பூக்கட்டுதான். தூத்துக்குடி உலர்மலர் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர்; அங்கே இதைக் கொண்டுபோவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதுபோல் என்று நான் வேடிக்கையாய்ச் சொன்னேன். அவர்களுடைய பயம் வேறு. மங்கல வீட்டுக்குள் ஒரு கைம்பெண் தன் கையால் பூவைக் கொண்டுபோனால் வாங்குவார்களா?

அதற்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஜெபித்து அனுப்பினோம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள், செய்தித்தாளில் சுற்றிய பூக்கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் என் கைப்பேசிக்கு அழைத்தார்கள். வாசலில் நின்ற மூத்த பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். கொழுந்தனார் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் நின்றாராம். மணப்பெண்தான் வந்து, "பெரியம்மா" என்று கூப்பிட்டுக் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். வீட்டைப்பற்றி ஒருவரும் பேசவில்லை, சகோதரியும் கேட்கவில்லை. சாயங்காலம் கொழுந்தனார் அந்தப் பூக்கட்டை ஒரு செம்பில் செருகி ஜன்னலில் வைத்துவிட்டு, "மதினி, இதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?" என்று கேட்டாராம்.

"தண்ணீர் வேண்டாம், தம்பி" என்று சொன்னேன், ஐயா, என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான் என்று சொல்லி அழுதார்கள்.

இவ்வருட விதை அவர்களிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்கும் மறுபடியும் ஆறு நாற்றுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு என் மனைவியினுடையது என்ற நிபந்தனையோடு.