ஜப்பான் தோற்றது நல்லதே!

ஒரு விளையாட்டில் தோற்றதற்காக ஒரு நாடே கண்ணீர் விட்டது உண்டா?

உண்டு. நாடு, ஜப்பான். விளையாட்டு, ஜூடோ. நாள், 1964-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி.

அந்த ஆண்டு டோக்கியோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்கென்றே "புடோக்கான்" என்ற பெரிய மண்டபத்தை ஜப்பானியர் கட்டி இருந்தார்கள்.

சொந்த விளையாட்டு! சொந்த ஊர்! சொந்த மண்டபம்! தங்கப் பதக்கம் நான்கும் தங்களுக்கே என்று அவர்கள் நினைத்ததில் வியப்பு இல்லை.

எடை வாரியாக நடந்த மூன்று போட்டிகளிலும் ஜப்பானியரே வென்றார்கள். நக்கடானி, ஒக்கானோ, இனோகுமா என்ற மூன்று வீரர்கள் தங்கம் வாங்கினார்கள்.

மீதி இருந்தது ஒன்றே ஒன்று. எடை பார்க்காத போட்டி. ஒல்லியானவரும் வரலாம், குண்டரும் வரலாம். ஜப்பானியருக்கு இதுதான் மானப் பிரச்சினை!

குள்ளர் கண்ட கலை

காரணம் இருக்கிறது. ஜூடோவை உண்டாக்கியவர் ஜிகோரோ கானோ. 1882-ம் ஆண்டில், டோக்கியோவில் உள்ள ஒரு புத்தர் கோவிலில் பள்ளி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. ஆள் குள்ளம், மெலிந்த உடம்பு.

"எதிரி தள்ளினால், எதிர்த்துத் தள்ளாதே. பின்வாங்கி இழு. அவன் பலத்தாலேயே அவன் விழுவான்." அவர் கற்றுக் கொடுத்ததின் சாரம் இதுதான். சிறியவன் பெரியவனை வீழ்த்தலாம் என்பதே ஜூடோவின் பெருமை.

எனவே, எடை பார்க்காத போட்டியில் ஜெயித்தால்தான் அந்தப் பெருமை நிற்கும்.

ஜப்பான் சார்பில் நின்றவர் அக்கியோ கமினாகா. 27 வயது. எடை சுமார் 100 கிலோ. நம் ஊரில் அவரைப் பார்த்தால் பயில்வான் என்போம்.

ஆனால் எதிரே வந்தவர் மலை! ஹாலந்து நாட்டு ஆன்டன் கீசிங். உயரம் 6 அடி 6 அங்குலம். எடை சுமார் 120 கிலோ. 1961-ல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், அதுவரை ஜப்பானியர் மட்டுமே வைத்திருந்த பட்டத்தைப் பறித்துச் சென்றவர் இவரே.

9 நிமிடம், 22 வினாடி

போட்டி தொடங்கியது. இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். காலை வாரப் பார்த்தார்கள். நிமிடங்கள் ஓடின. யாரும் விழவில்லை.

கமினாகா பாய்ந்து ஒரு பிடி போட்டார். அது பலிக்கவில்லை. அந்த வேகத்திலேயே அவரைக் கீழே கொண்டு வந்து, மார்பின் மேல் சாய்ந்து, கழுத்தையும் கையையும் சேர்த்து அணைத்துக் கொண்டார் கீசிங்.

கமினாகா துள்ளினார். திமிறினார். பிடி விடவில்லை. 30 வினாடி அப்படியே அமுக்கி வைத்தால் வெற்றி. மணி அடித்தது. ஆட்டம் தொடங்கி 9 நிமிடம், 22 வினாடியில் எல்லாம் முடிந்து விட்டது!

மண்டபம் வாய் அடைத்துப் போயிற்று. பலர் அழுதார்கள்.

ஹாலந்து ரசிகர்களுக்கோ தலைகால் தெரியவில்லை. மெத்தை மேல் ஏறிக் கீசிங்கைத் தூக்கிக் கொள்ள ஓடி வந்தார்கள். கமினாகா இன்னும் எழுந்திருக்கவில்லை.

கீசிங் கையை உயர்த்தினார். "வராதே, நில்!" என்பது அதன் பொருள். ஓடி வந்தவர்கள் நின்றார்கள். பிறகு இருவரும் எழுந்து, சட்டையைச் சரி செய்து, ஒருவருக்கொருவர் தலை வணங்கினார்கள்.

உருவமா வென்றது?

"ஆள் பெரியவன். அதனால் ஜெயித்தான்" என்று சொல்லுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பாதி உண்மை. உயரம் உதவியது, மறுப்பதற்கு இல்லை. ஆனால் உயரமான ஆள் உலகில் கீசிங் ஒருவர் தானா? அவர் ஜப்பானுக்கே போய், ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டவர். கமினாகாவை அவர் அமுக்கிய பிடியும் ஜப்பானியப் பிடியே. எதிரியின் பாய்ச்சலையே அவனுக்கு எதிராகத் திருப்பினாரே, அது கானோ சொன்னது அல்லவா?

தோல்வியால் ஜூடோவின் பெருமை போய்விட்டது என்று அன்று ஜப்பானில் வருந்தினார்கள். உண்மையில், அன்றுதான் அது வீட்டை விட்டு வெளியே வந்தது. நான்கு பதக்கமும் ஜப்பானுக்கே போயிருந்தால், "அது அவர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று மற்ற நாட்டு இளைஞர்கள் ஒதுங்கி இருப்பார்கள். பிள்ளை பிறந்த வீட்டிலேயே இருந்தால் ஊர் உலகம் தெரியுமா?

கீசிங் 2010-ம் ஆண்டு காலமானார். கமினாகா அவருக்கு முன்பே, 1993-ல் மறைந்தார்.

2021-ம் ஆண்டில் டோக்கியோவில் மறுபடியும் ஒலிம்பிக். அதே புடோக்கான் மண்டபம். தனி நபர் போட்டிகளில் ஜப்பான் 9 தங்கம் குவித்தது. கடைசி நாளில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் குழுப் போட்டி முதல் முறையாக நடந்தது. அதில் பிரான்சு 4-1 என்ற கணக்கில் ஜப்பானைத் தோற்கடித்தது!

இந்தத் தடவை மண்டபத்தில் அழுவதற்கு ரசிகர்கள் இல்லை. கொரோனா காரணமாக யாரையும் உள்ளே விடவில்லை.